பழைய எலெக்-ட்ராக்கிற்கு என்ன சார்ஜர்? ‘36 வோல்ட்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது

கேள்வி: அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் புல்தரை. ஜெனரல் எலெக்ட்ரிக் 1970களில் செய்த எலெக்-ட்ராக் இ15 தோட்ட டிராக்டர் ஒன்று கைக்கு வந்தது. ஆறு 6 வோல்ட் பேட்டரிகளையும் கழற்றிவிட்டுப் புதிதாக ட்ரோஜன் டி-105 போட்டுவிட்டேன். வண்டியோடு வந்த சார்ஜரில் ஒரு டைமர் குமிழ் மட்டும்தான். எத்தனை மணி நேரம் திருப்பி வைப்பது என்பது ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பு. போன மாதம் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டேன், காலையில் பார்த்தால் பேட்டரிகளின் தலையெல்லாம் ஈரம். தானாக நின்றுகொள்ளும் சார்ஜர் வாங்கலாம் என்று தேடினால், ‘36 வோல்ட் ஆட்டோமேட்டிக்’ என்ற பெயரில் கிடைப்பவற்றின் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. நண்பர் ஒருவர், மூன்று 12 வோல்ட் சார்ஜர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்கிறார். எது சரி? குளிர்காலம் முழுக்கச் செருகியே வைக்கலாமா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது கோல்ஃப் கார்ட்டுக்கென்று செய்யப்பட்ட 36 வோல்ட் சார்ஜர். 21 முதல் 25 ஆம்பியர் வரை தர வேண்டும். தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரிக்கான சார்ஜ் முறையை அதில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். பேட்டரியின் சூட்டைப் பார்க்கும் சென்சார் வயரோடு வர வேண்டும். மின்விசிறி இல்லாத, மூடிய உலோகப் பெட்டியாக இருந்தால் நல்லது. பழைய சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு இரண்டு வேலை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது? ‘36 வோல்ட்’ என்பது ஒரு பெயர்தான், அளவு அல்ல. உங்கள் வண்டியில் ஆறு பேட்டரி, ஒவ்வொன்றிலும் மூன்று செல், ஆக 18 செல். சார்ஜரின் கணக்கு முழுவதையும் இந்த 18-ஐ வைத்துத்தான் போட வேண்டும். டி-105 போன்ற பேட்டரி 25 டிகிரி செல்சியஸில் முழுதாக நிறைய, செல்லுக்குச் சுமார் 2.45 முதல் 2.47 வோல்ட் வரை ஏற்றி, சில மணி நேரம் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். 18 செல்லுக்கு அது 44.1 முதல் 44.4 வோல்ட். நிறைந்த பிறகு சும்மா தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் நிலைக்கு 40.5 போதும். செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் சார்ஜுக்கு 48.6 வரை போக வேண்டும்.

இப்போது விலை குறைந்த சார்ஜரின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ‘அவுட்புட் 42 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருந்தால் அது மின்சார சைக்கிளின் 10 செல் லித்தியம் பேட்டரிக்கானது. அதை உங்கள் வண்டியில் மாட்டினால் செல்லுக்கு 2.33 வோல்ட்தான் கிடைக்கும். பச்சை விளக்கு எரியும், பேட்டரி நிறையாது. புல் வெட்டி 110 ஆம்பியர்-மணி செலவாகியிருந்தால், 2 ஆம்பியரில் அதைத் திருப்பி ஊற்றவே 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேபிளில் 43.8 என்று பார்த்தால் அது 12 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கானது. இதுதான் ஆளை ஏமாற்றும் எண், ஏனென்றால் 44.1-க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் லித்தியம் சார்ஜர் மேல் வோல்ட்டைத் தொட்டு, மின்னோட்டம் இறங்கியதும் ‘ஆயிற்று’ என்று நின்றுவிடும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைசி 15, 20 சதவீதம் ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஜெல் பேட்டரிக்கான சார்ஜரும் இதே கதைதான்: சுமார் 42.3 வோல்ட்டில் நின்றுகொள்ளும், உங்கள் பேட்டரி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும்.

குறைவாக நிறைந்து நிறைந்து ஓடும் பேட்டரியில் என்ன ஆகிறது என்றால், தகடுகளில் படியும் லெட் சல்ஃபேட் முழுதாகக் கரையாமல் மிச்சம் நின்று இறுகிப்போகிறது. கூடவே கனமான ஆசிட் அடியில் தங்கி, மேலே நீர்த்த ஆசிட் நிற்கும். அதைக் கலக்குவது சார்ஜின் கடைசிக் கட்டத்தில் எழும் குமிழிகள்தான். ஆகவே ‘என் சார்ஜர் பேட்டரியைக் கொதிக்கவே விடாது’ என்ற விளம்பரம் கார் பேட்டரிக்குப் பெருமை. டி-105-க்கு அது குறை.

அடுத்தது ஆம்பியர். டி-105-இன் கொள்ளளவு 20 மணி நேரக் கணக்கில் 225 ஆம்பியர்-மணி. இந்த வகைக்கு அதில் 10 முதல் 13 சதவீதம் தரும் சார்ஜர் பொருத்தம். அதாவது 22 முதல் 29 ஆம்பியர். 21 ஆம்பியரும் நன்றாக வேலை செய்யும். பாதி வரை இறக்கிய பேட்டரி 21 ஆம்பியரில் எப்படி நிறைகிறது என்று பார்த்தால், முதல் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஏறும். வோல்ட் உச்சியைத் தொட்ட பிறகு மின்னோட்டம் படிப்படியாக இறங்கி, இன்னும் நான்கு மணி நேரம். எடுத்ததைவிட 10 முதல் 20 சதவீதம் அதிகமாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அந்தக் கணக்கும் இதில் அடக்கம். மாலையில் செருகினால் விடிவதற்குள் முடிந்துவிடும். 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் பேட்டரி நிறையும், ஆனால் முழு இரவும் போதாது, குமிழியும் சோம்பலாகவே எழும். 40 ஆம்பியர் வாங்கி வேகமாக ஏற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. சூடுதான் மிஞ்சும்.

ஆம்பியரைக் கூட்டுவதற்கு உங்கள் சுவரும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. 25 ஆம்பியரை 45 வோல்ட்டில் கொடுத்தால் 1,125 வாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 1,300 வாட்டுக்கு மேல், 120 வோல்ட்டில் 11 ஆம்பியர். உங்கள் கராஜில் 15 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால், மணிக்கணக்கில் ஓடும் சுமையாக அதில் 12 ஆம்பியருக்கு மேல் போடக் கூடாது. ஆக 25 ஆம்பியர் சார்ஜர் நூலிழையில் அடங்குகிறது. அதே பிரேக்கரில் ஃப்ரீசர் ஒன்று ஓடினால் அடங்காது. லேபிளில் ‘பவர் ஃபேக்டர் கரெக்ஷன்’ உள்ளதா என்றும் பாருங்கள். அது இல்லாத மலிவு ரகம் இதே வேலைக்குச் சுவரிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். நீட்டிப்பு வயர் போடுவதாக இருந்தால் 50 அடிக்கு 12 கேஜ் வயர் போடுங்கள். மெல்லிய 16 கேஜ் வயரில் 11 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 50 வாட் அந்த வயரிலேயே சூடாக வெளியேறும். சுருட்டி வைத்த நிலையில் அது ஓடினால் உறை உருகும்.

பென்சில்வேனியாவில் இருப்பதால், சூட்டு சென்சாரை நான் ஆடம்பரமாகக் கருத மாட்டேன். மேலே சொன்ன வோல்ட்கள் 25 டிகிரிக்கானவை. குளிர்ந்தால் கூட்ட வேண்டும், சூடேறினால் குறைக்க வேண்டும்: ஒரு டிகிரிக்குச் செல்லுக்கு 5 மில்லிவோல்ட். 18 செல்லுக்கு அது டிகிரிக்கு 0.09 வோல்ட். நவம்பரில் கராஜ் 5 டிகிரியில் இருந்தால் 20 டிகிரி குறைவு, 44.4 போதாது, 46.2 வேண்டும். ஜூலையில் புல் வெட்டி முடித்து, 35 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு 43.5 போதும். சென்சார் இல்லாத சார்ஜர் குளிரில் அரைகுறையாகவும் வெயிலில் அளவுக்கு மீறியும் ஏற்றும், இரண்டும் ஒரே வருடத்தில் நடக்கும். சென்சாரைச் சார்ஜரின் உடம்பில் வைத்திருக்கும் ரகமும் உண்டு. அது தன் சூட்டைத்தான் அளக்கும். நீளமான வயரின் நுனியில் இருக்கும் சென்சாரே சரி. அதை நடுவில் இருக்கும் ஒரு பேட்டரியின் முனையிலோ பக்கவாட்டிலோ பொருத்துங்கள். ஓரத்துப் பேட்டரி காற்றில் சீக்கிரம் ஆறிப்போகும், நடுவிலிருப்பதுதான் அதிகம் சூடாகும்.

குறிப்பாகப் பெயர் வேண்டும் என்றால், டெல்டா-க்யூ நிறுவனத்தின் க்விக்யூ வரிசையில் 36 வோல்ட், 21 ஆம்பியர் மாடல் உங்கள் அளவுக்கு அளந்து தைத்தது போல் இருக்கும். பழைய கோல்ஃப் கார்ட், தரை கழுவும் இயந்திரம் இவற்றிலிருந்து கழற்றியது செகண்ட் ஹேண்டில் வரும். அதில் ஒரு நுணுக்கம்: உள்ளே பல பேட்டரிகளுக்கான சார்ஜ் முறைகள் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் பாசிட்டிவைக் கழற்றிவிட்டுச் சுவரில் மட்டும் செருகினால், விளக்குகள் ஒருமுறை மின்னி ஓய்ந்தபின், எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை 11 விநாடி நேரம் சிமிட்டிக் காட்டும். ஒரே ஒரு சிமிட்டல் என்றால் 1-ஆம் எண், அது டி-105-க்கானது. யாரோ ஜெல் பேட்டரிக்கு வைத்து விற்றதை அப்படியே மாட்டிவிட்டு, ‘வண்டி முன்பு போல் ஓடவில்லை’ என்று பேட்டரியைக் குறை சொல்வது அதிகம் நடக்கிறது. புதிதாகத்தான் வேண்டும் என்றால், நெப்ராஸ்காவின் லெஸ்டர் நிறுவனம் செய்யும் சம்மிட் வரிசையில் முறையை ஃபோனிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். அதில் 650 வாட் ரகமும் 1,050 வாட் ரகமும் உண்டு, உங்களுக்கு வேண்டியது பெரியது.

கோல்ஃப் கார்ட் சார்ஜரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இரண்டு பொறி. ஒன்று, புதிய கார்ட்கள் பல 48 வோல்ட்; அந்தச் சார்ஜர் உங்கள் வண்டிக்கு ஆகவே ஆகாது. ஆண்டர்சன் எஸ்.பி.50 வகைக் கனெக்டர் இருந்தால் நிறத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறம் 36 வோல்ட்டுக்கு, நீலம் 48-க்கு என்பது வழக்கம். வேறு வேறு நிறம் ஒன்றோடொன்று பொருந்தாதபடிதான் செய்திருப்பார்கள். பொருந்த வைக்க யாராவது அரத்தால் தேய்த்திருந்தால் அந்தச் சார்ஜரை வாங்காதீர்கள். இரண்டாவது, சில சார்ஜர்கள் கார்ட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ‘ஓடு’ என்று சொன்னால்தான் ஓடும். அது இல்லாத உங்கள் டிராக்டரில் செருகினால் சத்தமே வராது. விற்பவரிடம் ‘எந்தக் கார்ட்டிலிருந்து கழற்றியது’ என்று கேட்டுவிடுங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மரோடு ‘ம்ம்’ என்று ரீங்காரமிடும் பழைய ஃபெரோ ரகம் கிடைத்தால், அதுவும் உழைக்கும் பொருள்தான், ஆனால் சூட்டுத் திருத்தம் இருக்காது. பின்னாளில் ஊருக்குத் திரும்பும்போது அதைக் கூடவே கொண்டுபோகும் எண்ணம் மட்டும் வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைத்தது, நம் 50 ஹெர்ட்ஸில் சரியாக ஓடாது.

நண்பர் சொன்ன மூன்று 12 வோல்ட் சார்ஜர் யோசனையை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். இரண்டிரண்டு பேட்டரிக்கு ஒரு சார்ஜர் என்று மாட்டினால், ஒரு ஜோடி பின்தங்கியிருந்தாலும் அதற்கு வேண்டியது அதற்குத் தனியாகக் கிடைக்கும். இது உண்மையான லாபம். ஆனால் ஒரு நிபந்தனை: சார்ஜரின் அவுட்புட் சுவரின் எர்த்திலிருந்து முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் எர்த் முள்ளுக்கும் நெகட்டிவ் கிளிப்புக்கும் நடுவில் பாருங்கள். இணைப்பு காட்டினால் அந்தச் சார்ஜர் இந்த வேலைக்கு ஆகாது. தொடராக இருக்கும் பேட்டரிகளில் அப்படிப்பட்ட இரண்டு சார்ஜரை மாட்டிய நொடியில் எர்த் வழியாக ஷார்ட் ஆகும். அடுத்தது, கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் சார்ஜர்கள் பெரும்பாலும் கார் பேட்டரிக்கானவை. 14.4-இல் சிறிது நேரம் நின்று, 13 சொச்சத்துக்கு இறங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது 14.8, மூன்று நான்கு மணி நேரம். கடைசியாக, மூன்றில் ஒன்று பழுதானாலோ கிளிப் கழன்றாலோ உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். நிறையாத ஜோடி சீக்கிரம் காலியாகி, மற்ற நான்கும் அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளித் தள்ளி அதன் செல்களின் பாசிட்டிவ்-நெகட்டிவையே தலைகீழாக்கிவிடும். 14.8 வோல்ட் தரும், பிரிந்த அவுட்புட் உள்ள, படகுக்கென்று செய்த மூன்று வாய் சார்ஜர் கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்குவதற்கு என் ஓட்டு ஒற்றை 36-க்குத்தான்.

‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லின் மேல் கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது. சார்ஜருக்குக் கண் இரண்டுதான்: வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு. இவை நகராமல் நின்றுவிட்டால் ‘நிறைந்தது’ என்று முடிவு செய்யும். சல்ஃபேட் படிந்த பேட்டரியில் வோல்ட் மளமளவென்று ஏறிவிடும். சார்ஜர் சீக்கிரமே பச்சை காட்டும், உள்ளே சரக்கு இருக்காது. இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம். ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். 18-இல் 17 செல்தான் மிச்சம். 17 செல் முழுதாக நிறையும்போது வோல்ட் 42-தான் காட்டும். சார்ஜர் 44.4 வரும் வரும் என்று முழு ஆம்பியரையும் தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல செல்கள் எல்லாம் கொதித்துத் தண்ணீரை இழக்கும், பாதுகாப்பு டைமர் வந்து நிறுத்தும் வரை. ஆகவே வாங்கும் சார்ஜரில் அப்படி ஒரு டைமர் இருக்கிறதா, நின்றதும் பச்சைக்குப் பதில் பிழை விளக்கு காட்டுகிறதா என்று கையேட்டில் தேடுங்கள். வழக்கமாக எட்டு மணி நேரத்தில் முடிவது ஒருநாள் பன்னிரண்டு மணி நேரம் இழுத்தால், அன்றே ஒவ்வொரு பேட்டரியாக வோல்ட் பாருங்கள். மற்றவை எல்லாம் 7.4-ஐ நெருங்கும்போது ஒன்று மட்டும் 5-க்குக் கீழே நின்றால், குற்றவாளி அதுதான்.

சார்ஜரைவிட நம்பகமான கருவி பத்துப் பதினைந்து டாலர் ஹைட்ரோமீட்டர். நம்மூர் பேட்டரிக் கடைக்காரர் ‘கிராவிட்டி’ என்று சொல்லும் ஆசிட்டின் அடர்த்தியைத்தான் அது அளக்கிறது. டி-105 முழுதாக நிறைந்தால் 27 டிகிரியில் 1.277 பக்கம் வரும், பாதியில் 1.172. சூடு 27-ஐவிட 5.5 டிகிரி கூடினால் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள், குறைந்தால் கழியுங்கள். உறிஞ்சும்போது இரண்டு மூன்று தடவை நிரப்பிக் காலி செய்து, அதன்பின் எடுக்கும் எண்தான் கணக்கு.

அந்த ஈரத்துக்கு வருகிறேன். டைமர் சார்ஜருக்கு நேரம் மட்டும்தான் தெரியும். பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் ஓடியிருந்தால் 20 ஆம்பியர்-மணி மிகை. ஒரு ஆம்பியர்-மணி ஒரு செல்லில் 0.34 மில்லி தண்ணீரைப் பிரிக்கும். 18 செல்லுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 120 மில்லி தண்ணீர் போயிருக்கும், கூடவே 160 லிட்டர் ஹைட்ரஜன் வந்திருக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். கராஜ் முழுக்க அந்த அளவு சேராது. ஆனால் மூடிய முன் மூடிக்கு அடியில், சீட்டுக்கு அடியில் தாராளமாகச் சேரும். சார்ஜ் ஏறும்போது இரண்டையும் திறந்தே வையுங்கள். எந்தச் சார்ஜர் போட்டாலும் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் வாயு வரத்தான் செய்யும்.

வெறும் குமிழியால் தலை அவ்வளவு ஈரமாவது குறைவு. சார்ஜுக்கு முன்பே தண்ணீரை வாய்வரை ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் எல்லோருக்கும் வரும் கைப்பழக்கம் இது. சார்ஜ் ஏற ஏறத் திரவம் விரிந்து மேலே வரும். முன்னால் பார்த்தால் தகடு மூழ்கியிருந்தால் போதும், மூழ்காவிட்டால் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் முடிந்த பிறகுதான், மூடித் துளையின் உள்குழாய் முடியும் இடத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை டிஸ்டில்ட் வாட்டர் நிரப்ப வேண்டும். வெளியே வழிந்தது ஆசிட். போனது போனதுதான், தண்ணீர் ஊற்றினால் திரும்பி வராது. தலையை ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள், துளி உள்ளே போய்விடாமல். ஈரம் அப்படியே கிடந்தால் முனைக்கு முனை மின்னோட்டம் கசிந்து, நிற்கிற வண்டியிலேயே பேட்டரி இறங்கும்.

மாட்டும் வேலை ஒரு மதியத்துக்கானது. வண்டியிலேயே பொருத்துவதானால் பேட்டரிகளுக்கு நேர் மேலே வேண்டாம், ஆசிட் ஆவி அங்கேதான் போகும். வெப்பத் தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, பின்னால் காற்று போக இடம் விட்டு, உலோகப் பரப்பில் திருகுங்கள். மின்விசிறி உள்ள ரகம் என்றால் வண்டியில் வேண்டாம், சுவரில் மாட்டுங்கள். வெட்டிய புல் அதற்குள் போய் அடைக்கும். டிசி பக்கம் 8 கேஜ் வயர், பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் பயனில்லை. வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் மின்சாரம் வருவது பேட்டரியிலிருந்துதான். இரண்டு வயரும் தொடரின் முதல் பாசிட்டிவுக்கும் கடைசி நெகட்டிவுக்கும் நேராகப் போக வேண்டும், பேட்டரியை வண்டியிலிருந்து பிரிக்கும் மெயின் டிஸ்கனெக்டைக் கழற்றினாலும் சார்ஜ் ஏறும்படியாக. கனெக்டரைச் செருகும் முன் மீட்டரால் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துவிடுங்கள். பாதி இறங்கிய நிலையில் 36.3, முழுதாக நிறைந்து ஓய்ந்த நிலையில் 38.2 பக்கம் காட்ட வேண்டும். சார்ஜரில் இன்டர்லாக் வயர் இருந்தால், செருகியிருக்கும்போது வண்டி நகராதபடி அதைச் சாவி சுற்றில் இணைத்துவிடலாம். நீட்டிப்பு வயரோடு கராஜை விட்டு வண்டி வெளியே போவது தவிர்க்கப்படும்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். ஃபோன் சார்ஜ் செய்ய, சின்ன விளக்கு போட என்று ஆறில் இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்த இரண்டும் எப்போதும் குறைவாகவே இருக்கும், 36 வோல்ட் சார்ஜருக்கு அது தெரியவே தெரியாது. 36-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலம். நிறைந்த பேட்டரியின் ஆசிட் பென்சில்வேனியாவின் எந்தக் குளிரிலும் உறையாது. முழுக்க இறங்கிய பேட்டரியோ மைனஸ் 8 டிகிரி பக்கத்திலேயே உறைந்து, பெட்டி விரிசல் விடும். எனவே டிசம்பருக்கு முன் ஒருமுறை முழு சார்ஜ், கிராவிட்டி பார்த்து உறுதி செய்து, மெயின் டிஸ்கனெக்டைக் கழற்றிவிடுங்கள். குளிரில் பேட்டரி தானாக இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை செருகி, முடிந்ததும் கழற்றினால் போதும். செருகியே வைப்பது என்றால், அந்தச் சார்ஜர் 40.5 பக்கத்து ஃப்ளோட்டுக்கு இறங்குகிறதா அல்லது முழுதாக நின்று, வோல்ட் குறைந்தால் மட்டும் மறுபடி தொடங்குகிறதா என்று மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நான் கழற்றி வைக்கும் கட்சி. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் புது சுற்று ஆரம்பித்து, நிறைந்த பேட்டரியை மறுபடி கொதிக்க வைக்கும் சார்ஜர்கள் உண்டு.

பழைய சார்ஜரின் இரண்டு வேலை இதுதான். பேட்டரி ரொம்ப இறங்கிப்போனால், ஆட்டோமேட்டிக் சார்ஜர் ‘எதிரே பேட்டரியே இல்லை’ என்று நினைத்துத் தொடங்க மறுக்கும். அப்போது பழையதை ஒரு மணி நேரம் ஓட விட்டு, வோல்ட் ஏறியதும் புதியதற்கு மாற்றுங்கள். மற்றது ஈக்வலைஸ். செல்களுக்குள் கிராவிட்டி 0.030-க்கு மேல் வித்தியாசப்பட்டால், புதிய சார்ஜரில் அந்த வசதி இல்லாத நிலையில், முழு சார்ஜுக்குப் பிறகு பழையதை மாட்டி, டைமரை ஒவ்வொரு மணி நேரமாக மட்டும் வையுங்கள். ஒவ்வொரு மணிக்கும் கிராவிட்டி எடுங்கள். ஏறுவது நின்றால் நிறுத்துங்கள். பேட்டரி 50 டிகிரியைத் தொட்டால் உடனே நிறுத்துங்கள். 48.6 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது. அந்த நேரத்தில் விளக்கு, கட்டுப்பாட்டு அட்டை எல்லாம் டிஸ்கனெக்ட் மூலம் பிரிந்திருக்க வேண்டும். 36 வோல்ட்டுக்குச் செய்தவை அவை.

புதிய சார்ஜர் வந்ததும் முதல் இரவு அதை நம்பி விட்டுவிடாமல், பகலில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை மொத்த வோல்ட்டையும் நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். பச்சை விளக்கு வந்து மூன்று மணி நேரம் கழித்து 18 செல்லின் கிராவிட்டியையும் எடுங்கள். புத்தம் புதிய டி-105 தன் முழுத் திறனுக்கு வர சில பத்துச் சுற்றுகள் ஆகும், ஆகவே முதல் மாதம் 1.265 காட்டினால் கவலை வேண்டாம். எல்லா செல்லும் ஒரே மாதிரி 1.250-க்குக் கீழே நின்றால் தவறான முறை தேர்வாகியிருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கியிருந்தால், பேட்டரி வாங்கிய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். வாரண்டி நாள் ஓடிக்கொண்டிருக்கும்.